வானியல் ஆர்வலரின் கருவிகளும் மென்பொருளும்: சின்ன காஞ்சிபுரம்

வரதராஜப் பெருமாள் கோயில் அமைந்த சின்ன காஞ்சிபுரம் ஏறத்தாழ 12.8 பாகை வடக்கு அட்சரேகையில் உள்ளது. தொலைநோக்கி வாங்குபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இந்த எண்ணைத்தான். துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்துக்குமேல் சுமார் 13 பாகை உயரத்திலேயே நிற்கிறது. வீடுகளும் மரங்களும் அதை எளிதில் மறைத்துவிடும். அதைக் குறிவைத்துப் பொருத்த வேண்டிய ஈக்குவடோரியல் தாங்கி தொடக்கநிலையினருக்கு வீண் சிரமம். மொட்டைமாடியில் அப்படியே வைத்துத் திருப்பக்கூடிய டாப்சோனியன் வகையே மேல். அதன் 6 அங்குல ஆடி, இருளில் விரிந்த கண்மணியைப் போல் 400 மடங்குக்கும் அதிகமான ஒளியைத் திரட்டும். சனியின் வளையமும் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் தெளிவாகத் தெரியும். கையில் பணம் குறைவென்றால் 10×50 இருகண் நோக்கியே போதும்.

தாழ்ந்த அட்சரேகை தரும் பெரும் பேறு தென்வானம். அகத்திய நட்சத்திரம் 24 பாகைக்கும், ஒமேகா செண்டாரி விண்மீன் கொத்து 29 பாகைக்கும் மேல் எழும்புகின்றன. ஏறக்குறைய இதே அட்சரேகையில், ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இயங்குகிறது, அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் தொடங்கி வைக்கப்பட்டது.

மென்பொருளில் ஸ்டெல்லேரியம் முதன்மையானது. கணினிக்கு இலவசம், தமிழிலும் கிடைக்கிறது. இருப்பிடமாகக் காஞ்சிபுரத்தைக் கொடுத்தால் அன்றிரவு எது எப்போது உதிக்கும் என்று காட்டும். கேஸ்டார்ஸ் மென்பொருளால் தொலைநோக்கியையும் கேமராவையும் இயக்கலாம்.

வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் வில்லைகளில் பூஞ்சை படியும். சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடி வைக்க வேண்டும். முகப்பில் சூரிய வடிகட்டி பொருத்தாமல் எந்தக் கருவியையும் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது.