கடற்பெருவழியும் காவலும்

சங்கச் செய்யுட்களில் கடல் இருவேறு முகங்களோடு தோன்றுகிறது. நெய்தல் திணையில் அது தலைவியின் ஆற்றாமைக்குத் துணைநிற்பது. புறப்பாடல்களிலோ அது வேந்தர்தம் ஆற்றலை அளக்கும் கோல். முதற்கடலின் அழகினை நாம் மிகுதியாகப் பேசியுள்ளோம். இரண்டாங்கடலோ பொன்னும் மிளகும் ஏற்றிய கலங்கள் அஞ்சிச் சென்ற கடல். அதனை யார் காத்தனர், எதன்பொருட்டுக் காத்தனர் என்னும் வினாக்களுக்கு நம் இலக்கியமும் அயலார் குறிப்புகளும் தரும் விடைகளை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முசிறியும் அச்சமும்

கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடல் துறைகளிலிருந்து புறப்பட்ட யவனக் கலங்கள் தென்மேற்குப் பருவக்காற்றின் துணையால் அரபிக்கடலைக் குறுக்கே கடந்தன. செங்கடல் வாயிலில் இருந்த ஒகெலிஸ் துறையிலிருந்து முசிறியை அடைய நாற்பது நாள் ஆகும் என்று உரோமானிய அறிஞர் பிளினி எழுதியுள்ளார். பொன்னொடு வந்த யவனர் கலங்கள் மிளகொடு மீண்ட செய்தியை அகநானூற்று 149ஆம் பாடல் கூறும். பரணர் பாடிய புறநானூற்று 343ஆம் பாடலில், கலங்கள் கொணர்ந்த பொன் கழித்தோணிகளால் கரை சேர்க்கப்படுகிறது. பிளினியும், முசிறியில் கலம் நிற்குமிடம் கரைக்குத் தொலைவில் உள்ளது என்றும், சரக்குகளைச் சிறு படகுகளிலேயே ஏற்றி இறக்கவேண்டும் என்றும் குறிக்கின்றார். ஒருவரையொருவர் அறியாத புலவரும் அறிஞரும் ஒரே காட்சியைக் கண்டுரைப்பது வியப்புக்குரியது.

ஆயின், பரணர் பெருமையாகப் பாடிய துறையைப் பிளினி பரிந்துரைக்கவில்லை. கி.பி. 77 அளவில் நிறைவுற்ற தம் நூலில், முசிறி விரும்பத்தக்க துறை அன்று என்கிறார். நித்ரியாஸ் என்னும் இடத்திலுள்ள கடற்கொள்ளையர் அதற்கு அண்மையில் இருப்பதே அவர் காட்டும் முதற்காரணம். பாண்டியனுக்குரிய நெல்கிந்தா நாட்டுத் துறையே ஏற்றது என்பது அவர் கருத்து. இவ்வழியே செல்லும் கலங்களில் வில்வீரர் குழுக்களை ஏற்றிச் சென்றனர் என்றும் அவர் கூறுவதால், அச்சம் வெறும் வதந்தி அன்று என்பது தெளிவு. 'எரித்திரியக் கடற்பயணம்' என்னும் கிரேக்க நூலும், தமிழகத்துத் துறைகளுக்கு வடக்கே கிடந்த தீவுகளை அடுத்துக் கொள்ளையர் இருந்தமையைக் குறிக்கின்றது. நித்ரியாஸ் என்பதை மங்களூரை ஒட்டிக் கடலில் கலக்கும் நேத்திராவதியோடு இயைப்பாரும் உளர். கருநாடகக் கடலிலுள்ள நேத்ராணித் தீவோடு இயைப்பாரும் உளர்.

கடம்பு எறிந்த போர்

இந்தப் பின்புலத்திலேயே பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தினை நோக்குதல் வேண்டும். குமட்டூர்க் கண்ணனார் பாடிய இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடலுள் சென்று, தீவினுள் இருந்த பகைவரை வென்று, அவர்தம் காவல்மரமாகிய கடம்பினை அடியோடு வீழ்த்தினான். அம்மரத்தால் தனக்கு முரசும் செய்துகொண்டான். மாமூலனாரும் அகநானூற்றில் இவ்வெற்றியை நினைவுகூர்கிறார். அவன் மகன் செங்குட்டுவன் 'கடல் பிறக்கோட்டிய' என்னும் அடைமொழியோடு ஐந்தாம் பத்தில் பரணரால் பாடப்படுகிறான். கடலையே அரணாகக் கொண்ட பகைவரை அவன் வென்றமையை இஃது உணர்த்தும் என்பர்.

வரலாற்றாசிரியர் பலர் இவ்விரு சான்றுகளையும் இணைத்து, பிளினி அஞ்சிய கொள்ளையரே கடம்பினைக் காத்தோர் என்றும், சேரர் அவர்களை ஒடுக்கி யவன வாணிகத்திற்கு வழியமைத்தனர் என்றும் முடிவுகண்டனர். இம்முடிவு பொருந்தக்கூடியதே. எனினும் பாடலைப் பாடலாகப் படிப்போர் ஒன்றினைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். கண்ணனார் அம்மக்களைக் கொள்ளையர் என்று யாண்டும் கூறவில்லை; மாறுபட்டோர் என்றே கூறுகின்றார். கொள்ளை என்னும் சொல் அயலார் நூலிலிருந்து நம் பாடலுக்குள் பின்னர் வந்து புகுந்தது. மேலும், இரண்டாம் பத்தின் பதிகம் இதே வேந்தன் யவனரைப் பிணித்து, கைகளைப் பின்கட்டி, தலையில் நெய் பெய்து ஒறுத்த செய்தியையும் சொல்கிறது. யவன வாணிகத்தின் காவலனாக மட்டும் இவனைக் காண்பதற்குப் பதிகமே தடையாக நிற்கின்றது.

நப்பசலையார் காட்டும் கடல்

சேரரின் கடலாட்சியை மிகச் செறிவாக உணர்த்துவது சேரனைப் பாடாத ஒரு பாடலாகும். மாறோக்கத்து நப்பசலையார் மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய புறநானூற்று 126ஆம் பாடலே அது. காரியைக் கபிலர் முன்னரே பாடிவிட்டார். அவர் பாடியபின் தாம் பாடுவதற்கு என்ன இருக்கிறது என்று தயங்கும் புலவர் ஓர் உவமையைக் கையாள்கிறார். மேலைக்கடலில் பொன்கொணரும் சேரனின் நாவாய் செல்லும் வழியில் பிற கலங்கள் செல்லமாட்டா. அதுபோன்றதே தம் நிலையும் என்கிறார்.

கவிஞர்கள் இதனைப் புலமைப் பணிவின் வெளிப்பாடாகப் போற்றுவர். வரலாறு பயில்வோர்க்கு இதில் வேறொன்றும் புலனாகும். இங்குக் கூறப்படுவது கொள்ளையர் செல்லாமை அன்று. பிறர் எவரும் செல்லாமை. காக்கப்பட்ட வழி என்பது எல்லார்க்கும் திறந்த வழி என்று நாம் எண்ணுகிறோம். நப்பசலையார் காட்டும் வழியோ ஒருவனுக்கே உரிய வழி. கேட்போர் அறியாத ஒன்று உவமையாகப் பயன்படாது. ஆதலின் சேரனின் கடலாட்சி தமிழகத்தில் யாவரும் அறிந்த செய்தியாக இருந்தமை இதனால் பெறப்படும். வேந்தனைக் காவலன் என்றே வழங்கும் நம் மொழியில், காத்தலும் ஆளுதலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருத்தல் ஈண்டு நினைக்கத்தக்கது.

கொள்ளையர் என்போர் யாவர்?

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி இம்மேலைக்கரையின் ஒரு பகுதியைக் கொள்ளையர் கரை என்றே பெயரிட்டு, அதற்குரிய ஊர்களை நிரல்பட எழுதினார். அவ்வூர்களுள் நித்ரா என்பது ஒன்று. அதனை அவர் வணிகத்துறை என்று குறிக்கிறார். பிளினியின் கொள்ளையர் இருக்கையே தாலமிக்குச் சந்தை! உள்நாட்டில் அவர்களுக்குத் தலைநகரும் இருந்ததாக அவர் கூறுவதால், இவர்கள் திரிந்துவாழ்ந்த கூட்டத்தார் அல்லர்; தம் கரைவழிச் செல்லும் கலங்களிடம் தமக்குரிய பங்கினை வலிந்து பெற்ற ஓர் அரசினராகவும் இருந்திருக்கலாம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைக் கடந்த மார்க்கோ போலோ தரும் செய்தி இன்னும் விரிவானது. கொள்ளைக்கலங்கள் ஐந்தாறு கல் இடைவெளியில் இருபது முப்பதாக அணிவகுத்து நூறு கல் நீளக் கடலை அடைத்துக்கொள்ளும். வணிகக்கலம் தென்பட்டால் தீயாலோ புகையாலோ குறிகாட்டி ஒன்றுகூடும் என்கிறார். ஏழில்மலை நாட்டைப் பற்றி அவர் கூறுவது மற்றொன்று: வேறு துறையை நாடிச் சென்ற கலம் தற்செயலாக அங்கு ஒதுங்கினால், அந்நாட்டார் அதனைத் தெய்வம் தமக்கு அனுப்பியதாகக் கொண்டு கவர்வராம்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தபின் இக்குழப்பம் உச்சத்தை எட்டியது. தம் அனுமதிச்சீட்டாகிய 'கர்தாசு' இன்றிச் செல்லும் கலங்களை அவர்கள் கைப்பற்றினர். அதனைக் கடற்காவல் என்றனர். அவர்களை எதிர்த்த குஞ்ஞாலி மரைக்காயர்களைக் கொள்ளையர் என்றனர். கோழிக்கோட்டுச் சாமூதிரிக்கோ மரைக்காயர்களே கடற்படைத் தலைவர்கள். காலப்போக்கில் சாமூதிரியும் மாறுபட்டுப் பறங்கியரோடு சேர, நான்காம் குஞ்ஞாலி 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். இரு கொடிகளுக்கிடையே ஒரு மனிதர் காவலரும் கொள்ளையரும் ஆனமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இன்றைய கடல்

பழைய வழியே இன்றைய வழியும். செங்கடலின் தென்பகுதியிலுள்ள ஃபராசான் தீவுகளில் கி.பி. 144ஆம் ஆண்டைச் சேர்ந்த இலத்தீன் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. உரோமானியப் படைப்பிரிவு ஒன்று அங்கு நிலைகொண்டிருந்ததை அது அறிவிக்கின்றது. முசிறிக்கு வரும் கலங்கள் கடந்த அதே குறுகிய நீர்ப்பரப்பில்தான் 2023 நவம்பரில் ஏமனின் ஊதிப் படையினர் 'கேலக்சி லீடர்' என்னும் கப்பலைக் கைப்பற்றினர். அதன்பின் நிகழ்ந்த ஏவுகணைத் தாக்குதல்களால் கப்பல்கள் பல ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லலாயின. 2024 மார்ச்சில் 'ட்ரூ கான்பிடன்ஸ்' என்னும் கப்பலில் மாலுமிகள் மூவர் மாண்டனர். இருவர் பிலிப்பினோக்கள், ஒருவர் வியட்நாமியர். எவர் போருக்கோ எவரோ உயிர் கொடுத்தனர்.

சோமாலியக் கொள்ளையரை எதிர்த்து இந்தியக் கடற்படை 2008 அக்டோபர் முதல் ஏடன் வளைகுடாவில் காவல்புரியத் தொடங்கியது. 2024 மார்ச்சில் நம் கரையிலிருந்து ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் தொலைவில், கடத்தப்பட்டிருந்த 'ரூயென்' கப்பலை 'ஐ.என்.எஸ். கொல்கத்தா' மடக்கியது. கொள்ளையர் 35 பேர் சரணடைந்தனர்; மாலுமிகள் 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். மீட்கப்பட்டோர் இந்தியரல்லர், கப்பலும் இந்தியக் கப்பல் அன்று. ஆதிக்கத்தின் மறுபெயராகாத காவலும் இயலக்கூடியதே என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

விளக்கும் முரசும்

நம் பழம்பாடல்களிலேயே இத்தகைய காவலுக்கும் இடமுண்டு. அகநானூற்று 255ஆம் பாடலில், இரவும் பகலும் ஓயாது காற்றால் உந்தப்படும் பெருங்கலத்தை, மாடத்து எரியும் ஒளியால் வழியறிந்து நீகான் செலுத்துகின்றான். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், ஏணி சாத்திய உயர்மாடத்தில் இரவில் ஏற்றிய விளக்கு கடலில் ஓடும் கலங்களை அழைப்பதைக் காட்டுகிறார். கலங்கரை விளக்கம் என்னும் தொடரில் கரைதல் என்பதற்கு அழைத்தல் என்பதே பொருள். 1244 அளவில் காகதீய மன்னன் கணபதிதேவன் மோட்டுப்பள்ளியில் பொறித்த அபயசாசனமும் இம்மரபினதே. புயலால் கரையொதுங்கும் கலங்களின் சரக்கை முன்னைய அரசர்கள் கவர்ந்தனர் என்றும், தான் முறையான சுங்கமன்றிப் பிறிதொன்றும் கொள்வதில்லை என்றும் அவன் அதில் அறிவிக்கின்றான்.

கடம்பு வீழ்த்திச் செய்த முரசும் காவலின் அடையாளமே. மாடத்து விளக்கும் காவலின் அடையாளமே. முன்னது வென்றவன் பெயரை முழங்குவது. பின்னது வருகின்ற கலம் யாருடையது என்று வினவாதது. முரசைப் பாடிய புலவர்கள் நமக்குப் பலர். அதே கடலில் துடுப்பு வலித்தோரின் பெயர்களுள் ஒன்றுகூட நம் போர்ப்பாடல்களில் எஞ்சவில்லை. பத்தாண்டுகளாகக் கவிதை வளர்த்துவரும் நம் வட்டத்துக் கவிஞர்கள் இனிக் கடலைப் பாடும்போது, அந்த நீகானையும் அவன் நோக்கிவந்த விளக்கையும் பாடுதல் வேண்டும்.