குழந்தைகளின் சிறுநீரகக் கட்டி: காவல் மரபணுவைத் தேடிய கதை

புற்றுநோய் என்றதும் சிகரெட், வெற்றிலை, மது என்று காரணம் தேடிப் பழகிவிட்டோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு வந்தால்? பழி பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழுகிறது. கர்ப்பத்தில் எதைச் சாப்பிட்டாள் என்று உறவினர் விசாரணை தொடங்கிவிடுகிறார்கள்.

1899-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸ், பிள்ளைகளின் சிறுநீரகத்தில் வரும் ஒரு கட்டியைப் பற்றி விரிவாக எழுதினார். கரு வளரும்போதே இதன் வித்து விழுகிறது என்பது அவர் கருத்து. நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

அடுத்த துப்பு கண்ணிலிருந்து கிடைத்தது. 1964-இல் ராபர்ட் மில்லர் குழுவினர் அமெரிக்காவில் இந்நோய் கண்ட 440 பிள்ளைகளின் குறிப்புகளைப் புரட்டினர். ஆறு பேருக்குப் பிறவியிலேயே கண்ணின் கருவிழிப் படலம் இல்லை! பல்லாயிரத்தில் ஒருவருக்கு வரும் குறை அது. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன உறவு? இத்தகைய பிள்ளைகளின் 11-ஆவது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு காணாமல் போயிருந்தது. கண்ணுக்குரிய மரபணுவும் கட்டியைத் தடுக்கும் மரபணுவும் அங்கே அக்கம்பக்கத்தில் இருந்தன. இரண்டாவதை 1990-இல் கண்டுபிடித்து 'டபிள்யூ டி 1' என்று பெயரிட்டனர்.

அதன் வேலை என்ன? இன்சுலினைப் போன்ற ஒரு வளர்ச்சிக் காரணி, கருவிலுள்ள அணுக்களைப் பெருகச் செய்கிறது. காவல் மரபணு தரும் புரதம் அந்தக் காரணியின் மரபணுவில் அமர்ந்து உற்பத்தியைக் குறைக்க வல்லது என்று 1992-இல் ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். காவலன் போனால் வளர்ச்சிக்குத் தடையில்லை. கேட்க எத்தனை எளிது! ஆனால் நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகவே இந்த மரபணு கெட்டிருந்தது. மற்றவர்களிடம் அந்தக் காரணி பெருகியது எப்படி? தந்தை வழி வந்த பிரதி மட்டுமே இயங்க வேண்டும்; தாய் வழிப் பிரதி உறங்க வேண்டும். பல கட்டிகளில் உறங்க வேண்டியதும் விழித்திருந்ததை 1993-இல் கண்டனர். 2011-இல் காவல் மரபணுவை நீக்கி, வளர்ச்சிக் காரணியையும் கூட்டியபோது எலிகளுக்கு அதே கட்டி வந்தது.

இதில் தாயின் சாப்பாடு எங்கே வந்தது? இம்மாற்றங்கள் பெரும்பாலும் தற்செயலானவை. குடும்ப வழி வருவது மிகச் சிலருக்கே. வளர்ந்த நாடுகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். குளிப்பாட்டும்போது வயிற்றில் கெட்டியாக ஏதும் கைக்குத் தட்டுப்பட்டால், அழுத்திப் பார்க்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். கருவிழிப் படலம் இன்றிப் பிறந்து, அந்தக் காவல் மரபணுவையும் இழந்துள்ள பிள்ளைகளுக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை வயிற்றை ஸ்கேன் செய்கிறார்கள்.