தெர்மாமீட்டரை மாற்றினால் காய்ச்சல் போகுமா? கார் ஸ்கேனரின் கதை

போன மாசம் நைட் டூட்டி முடிச்சுட்டு வீட்டுக்குத் திரும்பிட்டு இருந்தேன். காடாம்புலியூர் நெருங்கும்போது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிஞ்சது. செக் எஞ்சின் லைட். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வண்டி நடுங்குது.

இதே விளக்கு ஏற்கெனவே ஒருமுறை எரிஞ்சது. அப்போ ஒரு சர்வீஸ் சென்டரில் ஆக்சிஜன் சென்சாரை மாத்தி, நல்ல கனமான பில்லும் கொடுத்தாங்க. மூணே வாரத்தில் விளக்கு திரும்ப வந்துடுச்சு.

முந்திரித் தோப்பை ஒட்டி ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் இருந்தது. அங்கிருந்த மெக்கானிக் அண்ணன் டேப்லெட் மாதிரி ஒரு கருவியைக் கொண்டுவந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சாக்கெட்டில் சொருகினார். திரையில் வந்த எரர் கோடு: பி0171. அதாவது கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.

"சென்சாரைத்தான் மாத்திட்டாங்களே அண்ணே?"

"சென்சார் சரியாத்தான் சொல்லுது சார். அது சொல்றதை யாரும் கேக்கல."

கருவியில் லைவ் டேட்டாவைத் திறந்தார். வண்டி ஐடிலில் நிற்கும்போது கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட 22 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்குது. ஆக்சிலேட்டரை மிதிச்சு 2,500 ஆர்பிஎம் கொண்டுபோனா, அது 5 சதவீதமா இறங்குது. "எங்கயோ காத்து திருட்டுத்தனமா உள்ள போவுது சார்" என்றார். காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டி ஒரு ரப்பர் குழாயை எலி கடிச்சிருந்தது. குழாயை மாத்தினார். விளக்கு அணைஞ்சது. இன்னைக்கு வரைக்கும் வரல.

மருத்துவ மொழியில் சொன்னா, அடிபட்டு வந்தவருக்கு நாடித்துடிப்பு 130. உள்ளே ரத்தம் கசியுது, அதை ஈடுகட்ட இதயம் ஓடுது. துடிப்பைக் குறைக்க மாத்திரை கொடுத்தா ஆள் போயிடுவார். கசிவு எங்கேன்னு தேடணும். முதலில் சென்சாரை மாத்தினாங்களே, அது காய்ச்சல் காட்டுதுன்னு தெர்மாமீட்டரை மாத்தின கதை. எரர் கோடு என்பது அறிகுறி. அதுவே நோய் கிடையாது.

சரி, அந்த சாக்கெட் எல்லா காரிலும் ஒரே மாதிரி ஏன் இருக்கு? கார் கம்பெனிகள் நம்ம மேல வச்ச பாசத்தாலா? இல்லை. அதை வரவழைச்சது பொது சுகாதாரம். அந்தக் கதைதான் இந்த இழை.

1943 ஜூலை 26. இரண்டாம் உலகப்போர் நேரம். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைப் புகை மூடியது. கண் எரிச்சல், தொண்டை எரிச்சல். ஜப்பான்காரன் விஷவாயு வீசிட்டான்னு கூட மக்கள் பயந்தாங்க. செயற்கை ரப்பர் செய்யும் ஒரு ஆலை மேல் பழி விழுந்தது. ஆலையை மூடியும் புகை போகல.

விடை கண்டவர் ஆரி ஹாகன்-ஸ்மித். டச்சுக்காரர், வேதியியல் பேராசிரியர். அதுவரை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது அன்னாசிப்பழத்தின் மணத்தை! (பண்ருட்டிப் பலா வாசத்தில் வளர்ந்தவங்களுக்கு அந்த வேலையின் அருமை புரியும்.) வாகனப் புகையும் எண்ணெய் ஆலைகளின் ஆவியும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுதுன்னு 1950களின் தொடக்கத்தில் அவர் நிரூபித்தார். பின்னாளில் கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

அதுக்கப்புறம் ஒன்று இன்னொன்றை இழுத்துட்டு வந்தது. புகைக் கட்டுப்பாடு இறுகியதால் 1975 வாக்கில் அமெரிக்க கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. மூன்று வகை நச்சையும் ஒரே நேரத்தில் முறிக்கும் கன்வெர்ட்டர் வேணும்னா, 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு பிசகக் கூடாது. கார்புரேட்டரால் அது முடியாது. அதனால் ஆக்சிஜன் சென்சாரும், அதைக் கேட்டு பெட்ரோல் அளக்கும் கம்ப்யூட்டரும் வந்தன.

இங்கே புதுச் சிக்கல். சென்சார் செத்தாலும் வண்டி ஓடும், புகை மட்டும் கூடும். ஓட்டுநருக்குத் தெரியாது. ஆகவே, வண்டி தன்னைத்தானே சோதிச்சு விளக்கு எரியவிடணும்னு கலிஃபோர்னியா சட்டம் போட்டது. 1988 மாடல் கார்களில் அது அமலானது. ஆனால் கம்பெனிக்கு ஒரு சாக்கெட், ஒரு பாஷை. அடுத்த சட்டம் அதையும் ஒழுங்குபடுத்தியது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லா கார்களுக்கும் ஒரே சாக்கெட், பொதுவான கோடுகள். இதுதான் ஓபிடி-2.

நம்ம நாட்டிலும் பாதை கிட்டத்தட்ட இதேதான். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துக்கு யூரோ விதிகளைக் கொண்டுவந்தது. 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களில் பிஎஸ்-4, கூடவே ஓபிடி-1. 2013-ல் ஓபிடி-2. 2020 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்-6.

ஆனால் கதவு முழுசா திறக்கல. சட்டம் பொதுவாக்கியது புகை சம்பந்தப்பட்ட கோடுகளை மட்டும்தான். ஏபிஎஸ், ஏர்பேக், சாவி புரோகிராமிங் எல்லாம் அந்தந்தக் கம்பெனியின் பாஷை. ஆயிரம் ரூபாய் புளூடூத் கருவிக்கு அது புரியாது. அதுக்குத்தான் விலையுயர்ந்த புரொஃபஷனல் ஸ்கேனர்.

அந்தக் கருவிகளையும் உதிரி பாகங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதிச்சது. டாடா, மாருதி, மஹிந்திரா, டொயோட்டா, ஹோண்டா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் நியாயம் எந்தப் பக்கம்னு அந்த உத்தரவு பதிவு பண்ணிடுச்சு. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஒரு இணையதளமும் தொடங்கியது.

ஈசிஜி பெரிய ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான்னு யாராவது சொன்னா நாம ஒத்துப்போமா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வேணும்னுதானே கேட்போம்? காடாம்புலியூர் ஒர்க்‌ஷாப்புக்கும் அதே நியாயம்தான். கருவி மட்டும் போதாது, அதைப் படிக்கிற மூளையும் வேணும். அந்த மூளை அண்ணனிடம் இருந்தது. கருவியை அவர் சொந்தக் காசில் வாங்கியிருந்தார்.

கடைசியா உங்களுக்கு மூணு விஷயம்.

விளக்கு நிதானமா எரிஞ்சா, சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டுங்க. விட்டு விட்டு மின்னினா, எஞ்சினில் பெட்ரோல் ஒழுங்கா எரியல, கன்வெர்ட்டர் கெட்டுப்போகும். ஓரங்கட்டிடுங்க.

கோடை அழிக்கும் முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க. அழிச்சா, பழுது வந்த நேரத்தின் பதிவும் சேர்ந்து போயிடும்.

"இந்தப் பார்ட்டை மாத்தணும்"னு சொன்னா, "எதைச் சோதிச்சுப் பார்த்து சொல்றீங்க?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. டாக்டர் எங்களையும் அப்படிக் கேளுங்க, கோவிச்சுக்க மாட்டோம்.