தீக்கு வேலி தெரியாது: காட்டுத்தீத் தடுப்பில் அண்டைவீட்டாரின் பொறுப்பு

2018 நவம்பர் 8 அன்று வடகலிபோர்னியாவின் பாரடைஸ் நகரை அழித்த கேம்ப் தீயில் 85 பேர் இறந்தனர். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. தீ அடங்கியபின் எடுத்த படங்களைப் பார்ப்பவருக்கு ஒரு முரண் உடனே தட்டுப்படும். வீடு இருந்த இடத்தில் புகைபோக்கி மட்டும் நிற்கிறது. பக்கத்துப் பைன் மரங்கள் பலவற்றின் உச்சியில் பச்சை அப்படியே இருக்கிறது. காடு எரிந்து ஊரை விழுங்கியது என்ற வழக்கமான விளக்கத்துக்கு இந்தக் காட்சி அடங்காது. ஊருக்குள் வந்த தீ பெரிதும் வீட்டிலிருந்து வீட்டுக்குத் தாவியிருக்கிறது. அப்படியானால், அக்கம்பக்கத்தார் சேர்ந்து தீ ஆபத்தைக் குறைக்க அமெரிக்காவில் நடக்கும் திட்டங்களை எதைக் கொண்டு அளப்பது? இப்போது கைக்கொள்ளும் அளவுகோல் உழைப்பை அளக்கிறது, ஆபத்தை அளக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் 1990களின் இறுதியில் கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் நடந்த சோதனைகளில் கலந்துகொண்டார். வேண்டுமென்றே மூட்டிய காட்டுத்தீயின் எதிரே மரச்சுவர்களை நிறுத்திப் பார்த்தார்கள். 10 மீட்டர் தொலைவில் நின்ற சுவர்களில் சில பற்றிக்கொண்டன. 30 மீட்டரில் நின்றவற்றில் ஒன்றுகூடப் பற்றவில்லை. மரங்களின் உயரத்துக்கு எழும் தீச்சுவாலையைவிட, காற்றில் பறந்துவந்து விழும் கங்குகளே வீட்டுக்குப் பெரும் பகை என்ற முடிவுக்கு அவர் ஆய்வுகள் இட்டுச்சென்றன. கங்கு விழும் இடங்கள் மிகச் சாதாரணமானவை: கூரைப் பீலியில் மக்காமல் கிடக்கும் பைன் சருகு, செடிகளுக்கு அடியில் சுவரோரம் பரப்பிய மரப்பட்டைத் துண்டுகள், கூரைக்குக் கீழே காற்றோட்டத்துக்காக விட்ட துளை, வீட்டைத் தொட்டு நிற்கும் மரவேலி. வீடும் அதைச் சுற்றிய சுமார் 30 மீட்டரும்தான் கவனிக்க வேண்டிய வட்டம் என்றார் கோஹன். கணக்கு சரிதான். ஆனால் நெருங்கிக் கட்டிய குடியிருப்பில் அந்த வட்டத்தின் பெரும்பகுதி அடுத்தவர் கொல்லையில் கிடக்கிறது.

எரிக் நாப் முதலானோர் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எண்களைத் தருகிறது. பாரடைஸில் 400 வீடுகளை அவர்கள் ஆராய்ந்தனர். 1997க்கு முன் கட்டிய வீடுகளில் 11.5 விழுக்காடும், அதன்பின் கட்டியவற்றில் 38.5 விழுக்காடும் தப்பின. கட்டுமான விதிகளால் பயன் உண்டு என்று இதைப் படிக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: ஒரு வீடு தப்புமா என்பதை முன்கூட்டிச் சொல்லவல்ல காரணிகளில், எரிந்துபோன அடுத்த கட்டடம் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பது முன்வரிசையில் நிற்கிறது. என் வீட்டை நான் எவ்வளவு பெருக்கித் துடைத்தாலும் பக்கத்து வீடு பற்றினால் அதன் வெப்பம் என் சன்னலை உடைக்கும்.

2002இல் தொடங்கிய ஃபயர்வைஸ் யுஎஸ்ஏ திட்டம் இந்த உண்மையை உணர்ந்தே உருவானது. நாட்டின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் இதை நடத்துகிறது. 8 முதல் 2,500 வீடுகள் வரை கொண்ட குடியிருப்பு ஒரு குழு அமைத்து, ஆபத்தை மதிப்பிட்டு, செயல்திட்டம் வகுத்து, ஆண்டுதோறும் வீட்டுக்கு ஒரு மணிநேரத் தன்னார்வ உழைப்பு அல்லது அதற்கு ஈடான பணம் செலவிட்டதாகக் காட்டினால் அங்கீகாரம் கிடைக்கும். முகம் தெரியாமல் வாழ்ந்தவர்கள் ஒரு சனிக்கிழமை காலையில் ஒன்றுகூடிப் புதர் வெட்டுவதும், கிளைகளைத் தூளாக்கும் இயந்திரத்தை ஒரே வாடகையில் தெரு முழுவதற்கும் பயன்படுத்துவதும் சிறிய சாதனை அல்ல.

குறை கணக்கெழுதும் முறையில் இருக்கிறது. அந்த ஒரு மணிநேரம் ஊர் முழுவதற்கும் சேர்த்துக் கூட்டப்படுகிறது. பத்துப் பேர் பாடுபட்டு ஐம்பது வீட்டின் கணக்கை நிரப்பிவிடலாம். யாரும் தொடாத நான்கு வீடுகள் தெருவின் நடுவில் இருந்தாலும் அங்கீகாரத்துக்குப் பழுதில்லை. தீ அந்த நான்கிலிருந்துதான் கிளம்பும்.

தொடாதவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் என்று எண்ணிவிடக் கூடாது. கேம்ப் தீயில் இறந்தவர்களில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். ஏணி வைத்து ஏறிப் பீலியைச் சுத்தம் செய்ய அவர்களில் எத்தனை பேரால் முடியும்? வாடகைக்குக் குடியிருப்பவருக்குக் கூரையை மாற்றும் உரிமையே இல்லை. கலிபோர்னியக் காப்பீட்டுத் துறை 2022இல் கொண்டுவந்த விதி, தீ ஆபத்தைக் குறைக்கும் முயற்சிகளுக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் சலுகை தரும்படி நிறுவனங்களைப் பணித்தது. ஊருக்குக் கிடைத்த ஃபயர்வைஸ் அங்கீகாரமும் அதில் சேரும். ஊரின் பெயரால் வரும் சலுகையை வீட்டுக்காரர்கள் அவரவர் பையில் போட்டுக்கொள்கிறார்கள். அதில் ஒரு பங்கேனும் இயலாதவரின் கூரைக்குத் திரும்பி வரும் வழி எதுவும் அந்த ஏற்பாட்டில் இல்லை.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. கேம்ப் தீயை மூட்டியது பிஜி அண்ட் ஈ மின் நிறுவனத்தின் பழைய மின்கடத்தி வழித்தடம். 84 பேரின் சாவுக்கு அந்நிறுவனம் 2020இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அண்டைவீட்டார் பொறுப்பைப் பற்றிப் பேசப்பேச இத்தகைய பொறுப்புகள் பார்வையிலிருந்து நழுவும் அபாயம் உண்டு. சருகு அள்ளாதவரையும் கம்பி மாற்றாதவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

சட்டம் போட்டால் தீர்ந்துவிடும் என்பாரும் உண்டு. வீட்டைச் சுற்றி 5 அடிக்குள் எரியும் பொருள் கூடாது என்ற சட்டம் கலிபோர்னியாவில் 2020லேயே நிறைவேறியது. அதற்கான விதிகளை வகுக்க வைத்த கெடு 2023 தொடக்கத்தில் கடந்துபோனது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்த பிறகே ஆளுநர் பணியை முடுக்க ஆணையிட்டார். ஆகவே சட்டத்துக்காகக் காத்திராமல் ஃபயர்வைஸ் திட்டத்தின் ஆண்டுப் படிவத்தை மாற்றுவதே கைக்கெட்டும் வழி. மொத்த மணிநேரத்தைக் கேட்பதற்குப் பதிலாக, நெருங்கி நிற்கும் ஒவ்வோர் இரு வீடுகளுக்கும் இடையே வேலியின் இருபுறமும் பணி முடிந்ததா என்று படிவம் கேட்கட்டும். முடியாத இடத்தில் முதியவரோ வாடகைதாரரோ இருந்தால், அந்தச் செலவைச் சலுகை பெறும் குடியிருப்பே பொதுவில் ஏற்கட்டும்.