வீணையின் தந்தியமைப்பும் சுருதி சேர்ப்பும்

கர்நாடக இசையில் வாசிக்கப்படும் சரஸ்வதி வீணைக்கு ஏழு தந்திகள். நான்கு மெட்டுகளின் மேல் செல்லும் வாசிப்புத் தந்திகள். மூன்று பக்கவாட்டில் ஓடும் தாளத் தந்திகள். ஏழும் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டுமே ஒலிக்கின்றன. மற்ற ஸ்வரங்கள் எல்லாம் தண்டியின் மேல் மெழுகில் பதித்த 24 மெட்டுகளிலும், தந்தியை இழுக்கும் இடது கை விரல்களிலும் இருக்கின்றன. வீணையின் சுருதி என்பது தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகுவதோடு முடிந்துவிடுவதில்லை. பாதி வேலை மெட்டில்தான்.

வாசிப்புத் தந்திகள் மேலிருந்து கீழ் ஸ்தாயிக்கு இறங்கும் வரிசையில்: சாரணி (மத்திய ஷட்ஜம்), பஞ்சமம் (மந்தர பஞ்சமம்), மந்தரம் (மந்தர ஷட்ஜம்), அனுமந்தரம் (அனுமந்தர பஞ்சமம்). தாளத் தந்திகளில் பக்க சாரணி மத்திய ஷட்ஜத்துக்கும், பக்க பஞ்சமம் மத்திய பஞ்சமத்துக்கும், ஹெச்சு சாரணி தார ஷட்ஜத்துக்கும் சேர்க்கப்படும். சுண்டு விரல் இவற்றை மீட்டித் தாளத்தையும் சுருதியையும் ஒருசேரக் காட்டும். அனுமந்தர பஞ்சமத்தில் தொடங்கி சாரணியின் 24-ம் மெட்டு வரை மூன்றரை ஸ்தாயி கிடைக்கிறது.

இந்த அமைப்பு ஒரே நாளில் வந்ததல்ல. விஜயநகரத்தில் ராமாமாத்தியர் 1550-ல் எழுதிய ஸ்வரமேளகலாநிதி மூன்று வகை வீணைகளைச் சொல்கிறது. அவற்றில் சுத்த மேள வீணையின் தந்திகள் அனுமந்தர ஷட்ஜம், அனுமந்தர பஞ்சமம், மந்தர ஷட்ஜம், மந்தர மத்தியமம். மத்திய மேள வீணையில் அனுமந்தர பஞ்சமம், மந்தர ஷட்ஜம், மந்தர பஞ்சமம், மத்திய ஷட்ஜம். இன்று நம் கையில் இருப்பது இந்த இரண்டாவதுதான். மெட்டு என்பது எல்லாத் தந்திகளுக்கும் குறுக்கே கிடக்கும் ஒரே நேர்க்கோடு. ஷட்ஜம், பஞ்சமம், மத்தியமம் என மூன்று விதத் தந்திகள் இருந்தால் அந்த ஒரு கோடு மூன்று வரிசை ஸ்வரங்களுக்கும் பொருந்தியாக வேண்டும். ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் என்றால் சமரசம் எளிது. மத்திய மேளம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

அக்காலத்தில் ஒரு ராகத்துக்கு வேண்டிய மெட்டுகளை மட்டும் வைத்து, ராகம் மாறும்போது அவற்றை நகர்த்தும் வழக்கமும் இருந்தது. அது ஏக ராக மேளம். எல்லா ராகங்களுக்கும் பொதுவாக மெட்டுகளை நிலையாகப் பதிப்பது சர்வ ராக மேளம். ஒரு ஸ்தாயிக்கு 12 என்ற கணக்கில் 24 மெட்டுகளை நிலைநிறுத்திய பெருமையைத் தஞ்சை ரகுநாத நாயக்கருக்கு (ஆட்சி 1600–1634) மரபு தருகிறது. அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி, சதுர்தண்டி பிரகாசிகையில் 72 மேளங்களை, அதாவது தாய் ராகங்களை, வகுத்தார். பன்னிரண்டு மெட்டுகளைக் கண் முன்னால் வைத்திருந்த ஊரில் அந்தக் கணக்கு பிறந்தது தற்செயலாக இருக்க முடியாது.

நகரும் மெட்டு வேறு நாடுகளிலும் உண்டு. ஐரோப்பிய லூட்டின் கழுத்தில் மெட்டுகள் குடல் நரம்பால் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். வாசிப்பவர் தேவைக்கேற்ப நகர்த்திக்கொள்வார். ஆறு வரிசை நரம்புகள் கொண்ட மறுமலர்ச்சிக் கால லூட்டில் அடுத்தடுத்த நரம்புகளுக்கு இடையே மத்தியம இடைவெளி, நடுவில் மட்டும் ஒரு காந்தார இடைவெளி. கை விரலுக்கடியில் சேர்ந்திசை அமைய அது வசதி. கமகத்துக்காகத் தந்தியை இழுத்து வாசிக்கும் நமக்கு அந்த ஏற்பாடு உதவாது. பின்னணியில் ஷட்ஜ பஞ்சமம் ஓயாமல் ஒலிப்பதே நமக்குத் தேவை.

நம்முடைய பழைய யாழ் இந்த இனத்தைச் சேர்ந்ததல்ல. அதில் மெட்டு கிடையாது, ஸ்வரத்துக்கு ஒரு நரம்பு. ஐந்தாம் நரம்பைக் கிளை என்றும் நான்காம் நரம்பை நட்பு என்றும் கொண்டு சேர்த்த முறையை விபுலானந்த அடிகள் 1947-ல் வெளிவந்த யாழ் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இனி தந்தியின் பொருள். ஒரே நீளம், ஒரே உலோகம், ஒரே இழுவிசை என்று வைத்துக்கொண்டால், அனுமந்தரம் சாரணியைவிடச் சுமார் 2.7 மடங்கு தடிமனாக இருக்க வேண்டும். அவ்வளவு தடித்த எஃகுக் கம்பி விறைத்துப்போய் நாதம் மழுங்கும். அதனால் சாரணிக்கும் பஞ்சமத்துக்கும் எஃகு. மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் எஃகைவிடக் கனமான பித்தளை என்று முன்னோர் வைத்தார்கள். இப்போது அந்த இரண்டுக்கும் எஃகின் மேல் மெல்லிய கம்பி சுற்றிய தந்தி பரவலாகிவிட்டது. இதே சிக்கலுக்கு ஐரோப்பியர் 17-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் கண்ட தீர்வும் நரம்பின் மேல் கம்பி சுற்றுவதுதான். பாடுபவருக்காகச் சுருதியை ஓரளவுக்கு மேல் ஏற்றவோ இறக்கவோ நேர்ந்தால் பிருடையை மட்டும் நம்பாமல் தந்தியின் கனத்தையே மாற்ற வேண்டும். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும்.

சுருதி சேர்க்கும்போது முதலில் சாரணியைத் தம்பூராவோடு ஒட்ட வைப்பார்கள். பஞ்சமத் தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்தினால் வெறும் சாரணியின் ஷட்ஜம் பேச வேண்டும். மந்தரத்தின் ஏழாம் மெட்டில் பஞ்சமத் தந்தியும், அனுமந்தரத்தின் ஐந்தாம் மெட்டில் மந்தரமும் கேட்க வேண்டும். பிருடையால் கிட்டே கொண்டுவந்துவிட்டு, குடத்தின் பக்கம் தந்திகளைக் கட்டும் நாகபாசத்தை ஒட்டியுள்ள லங்கர் என்னும் சிறு வளையங்களை நகர்த்தி மயிரிழை வித்தியாசத்தைச் சரிசெய்வார்கள். குதிரையின் மேலுள்ள உலோகத் தகட்டின் வளைவும் முக்கியம். தந்தி அதை விட்டு விலகும் இடம் சரியாகச் சீவப்படாவிட்டால், சுருதி சேர்ந்தாலும் நாதம் எழும்பாது.

மெட்டு பதிப்பதை மேளம் கட்டுதல் என்பார்கள். தேன்மெழுகோடு கரிப்பொடி சேர்த்துக் காய்ச்சி, தண்டியின் இரு விளிம்பிலும் வரப்பாக வைத்து, அது இளகியிருக்கும்போது வெண்கல அல்லது பித்தளை மெட்டுகளை ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு நகர்த்தி அழுத்துகிறார்கள். அளவுகோலால் மட்டும் இதைச் செய்ய இயலாது. அழுத்தும்போது தந்தி கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறும், தடித்த தந்தியில் வேறு அளவில் ஏறும். சாரணியில் சரியாக நிற்கும் சதுச்ருதி ரிஷப மெட்டு, பஞ்சமத் தந்தியில் தைவதத்தைச் சற்றே கூட்டிக் காட்டும். எந்தப் பக்கம் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதைக் கட்டுபவரின் காது தீர்மானிக்கிறது. அதனாலேயே இரண்டு வீணைகள் ஒன்றுபோல் பேசுவதில்லை. திருகாணி வைத்து மெட்டைப் பூட்டிய வீணைகள் இப்போது வந்துள்ளன. பயணத்துக்கு அவை சௌகரியம். ஆனால் கேட்டுக் கேட்டுத் திருத்த இடம் கொடுக்கும் மெழுகே உயர்ந்தது.

தஞ்சை வீணை பலாமரத்தில் ஆனது. பண்ருட்டிப் பலாவுக்குத் தனி மதிப்பு. ஒரே மரத்தில் குடைந்தது ஏகாந்த வீணை, துண்டுகளை இணைத்தது ஒட்டு வீணை. ஆந்திரத்தில் பொப்பிலி பெயர்பெற்றது. கர்நாடகத்தில் வீணை சேஷண்ணா (1852–1926), தொரைசாமி ஐயங்கார் (1920–1997) போன்றோரால் வளர்ந்த மைசூர் மரபுக்கு உரிய வீணைகள் உண்டு. பெங்களூருக்கு வடக்கே தொட்டபள்ளாபுரம் வட்டத்தில் சிம்பாடிபுரா என்ற சிற்றூரே வீணை செய்வதற்குப் பெயர்பெற்றது.

வீட்டில் பழைய வீணை இருந்து, அதில் சுருதி நிற்கவில்லை என்றால் உடனே தந்தியை மாற்றிவிடாதீர்கள். சாரணியை 12-ம் மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். பிறகு அதே இடத்தில் தந்தியை லேசாகத் தொட்டு மட்டும் மீட்டுங்கள். இரண்டு ஒலியும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்றால் தந்தியை மாற்றிப் பாருங்கள். புதுத் தந்தியிலும் ஒட்டவில்லை என்றால் பழுது மெட்டிலோ குதிரையிலோ இருக்கிறது. மேளம் கட்டத் தெரிந்தவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.