பாட்டில் யார் கையில்? கோக் போன கதையும் திரும்பி வந்த கதையும்

பன்னாட்டு நிறுவனங்கள் உள்ளூர் சந்தைக்குள் வந்தால் என்ன ஆகும் என்று பேச ஆரம்பித்தாலே, நம்மிடம் ரெண்டு பதில் ரெடியா இருக்கும். ஒண்ணு, "அவங்க வந்தா நம்ம ஆளுங்க அழிஞ்சிடுவாங்க." இன்னொண்ணு, "போட்டி வந்தாத்தான் தரம் வரும், விலை குறையும்." இந்த எபிசோடில் ரெண்டையும் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு, ஒரே ஒரு பொருளின் கதையைப் பார்க்கலாம். கூல்டிரிங்க்.

ஏன் கூல்டிரிங்க்? இந்தியாவில் கோகோ கோலா இருந்தது. பிறகு வெளியே போனது. 16 வருஷம் அது இல்லாமலே நாம இருந்தோம். அப்புறம் திரும்பி வந்தது. ஒரே சந்தையில் இந்த மூணு நிலையையும் பார்க்கிற வாய்ப்பு ரொம்ப அபூர்வம்.

முதலில் இந்தத் தொழில் எப்படி ஓடுதுன்னு புரிஞ்சுக்கலாம்

கூல்டிரிங்க் என்பது பெரும்பாலும் தண்ணீர், சர்க்கரை, வாயு. தண்ணீரை ஆயிரம் கிலோமீட்டர் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது. அதனால் பிராண்டை வைத்திருக்கும் கம்பெனி, சுவைக்கான சாறை மட்டும் தயாரிக்கும். இதற்கு கான்சன்ட்ரேட் என்று பேர். அதை வாங்கி, உள்ளூர்த் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்து, பாட்டிலில் அடைத்து, கடை கடையாக இறக்குவது வேற ஒரு முதலாளி. அவர்தான் பாட்டிலர்.

கண்ணாடி பாட்டில் காலம் வேற அது. குடிச்ச பாட்டில் திரும்பி வரணும், கழுவணும், மறுபடி நிரப்பணும். ஆகவே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு ஆலை, கிரேட் கிரேட்டாகப் பாட்டில்கள், லாரிகள், கடைக்காரரோடு தினசரிப் பழக்கம், கொஞ்சம் கடன் கணக்கு, எல்லாம் வேணும். பிராண்டை விளம்பரத்தால் உருவாக்கிடலாம். இந்த வலையை அப்படி உருவாக்க முடியாது. இதை மனசுல வச்சுக்கங்க. மீதிக் கதை முழுக்க இதைச் சுற்றித்தான்.

1977: ஃபார்முலாவைக் கொடு

கோகோ கோலா 1950களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தது. கான்சன்ட்ரேட் அவர்களுடையது. பாட்டில் நிரப்பிய ஆலைகள் இந்திய முதலாளிகளுடையவை. 1977-ல் அப்படி 20-க்கும் மேற்பட்ட ஆலைகள் இருந்தன.

1973-ல் இந்திரா காந்தி அரசு அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பேச்சுவழக்கில் ஃபெரா. இந்தச் சட்டப்படி, பெரும்பாலான துறைகளில் வெளிநாட்டுக் கம்பெனி தன் இந்தியத் தொழிலில் 40 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்க முடியாது. எமர்ஜென்சிக்குப் பிறகு 1977-ல் ஜனதா ஆட்சி வந்தது. தொழில் அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ், சட்டத்தை இறுக்கிப் பிடித்தார். 60 சதவீதப் பங்கை இந்தியர்களுக்கு விடணும், தயாரிப்பு நுட்பத்தையும் இந்தியக் கம்பெனிக்கு மாற்றணும். கோக்குக்கு ரெண்டாவதுதான் பெரிய சிக்கல். ரகசிய ஃபார்முலாதான் தங்கள் உயிர் என்று அந்தக் கம்பெனி உலகம் முழுக்கச் சொல்லி வந்தது. அதனால் ஃபார்முலாவைக் கொடுக்காமல், கடையைக் கட்டிட்டுக் கிளம்பினாங்க. அடுத்த வருஷம் ஐபிஎம்-மும் கிளம்பியது.

அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். அரசாங்கமே ஒரு கோலா தயாரித்தது! மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் ஃபார்முலாவை உருவாக்கியது. மாடர்ன் பிரெட் செய்த அதே அரசு நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பேர் "77", டபுள் செவன். எந்த ஃபார்முலாவுக்காக அவ்வளவு பெரிய சண்டை நடந்ததோ, அதற்கு மாற்றாக ஒன்றை நம்ம விஞ்ஞானிகள் சீக்கிரமே செய்து கொடுத்துவிட்டார்கள். ஆனால் டபுள் செவன் நிற்கவில்லை. 1980-ல் ஆட்சி மாறியதும் அதைத் தாங்கிப் பிடிக்கவும் ஆள் இல்லை. சில வருஷங்களில் காணாமல் போனது.

ஜெயித்தது யார்? பாம்பேயின் பார்லே. ரமேஷ் சௌஹான் குடும்பத்தின் கம்பெனி. கோல்டு ஸ்பாட், லிம்கா என்று ஏற்கெனவே நாடு முழுக்கப் பாட்டிலர்களை வைத்திருந்தார்கள். 1977-லேயே தம்ஸ் அப்பை இறக்கினார்கள். டெல்லியில் கோக்கையே பாட்டிலில் அடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பியூர் டிரிங்க்ஸ், கேம்பா கோலாவை இறக்கியது. கவனிச்சீங்களா? ஆலையும் லாரியும் யாரிடம் இருந்ததோ, அவங்கதான் காலியான இடத்தைப் பிடிச்சாங்க.

அதே காலத்தில் நம்ம ஊர்

தமிழ்நாட்டில் இந்தத் தொழில் கோக்குக்கும் ரொம்ப முந்தையது. கோலி சோடா பாட்டில் 1870களில் இங்கிலாந்தில் ஹைராம் காட் என்பவர் காப்புரிமை வாங்கிய வடிவம். அது இங்கே வந்து அப்படியே நம்ம ஊர்ப் பொருளாகிவிட்டது. 1916-ல் விருதுநகரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் தொடங்கியதுதான் காளிமார்க். அவர்களுடைய பொவண்டோ 1950களின் இறுதியில் வந்தது. இதுபோக மாப்பிள்ளை விநாயகர், வின்சென்ட், டொரினோ என்று வட்டாரத்துக்கு வட்டாரம் பேர்கள் இருந்தன. இன்றைக்கும் வீட்டில் பெரியவர்கள் "கலர் குடிக்கிறியா?" என்று கேட்பது அந்தக் காலத்துச் சொல்தான்.

இவங்க யாரும் நாடு முழுக்க விளம்பரம் கொடுக்கவில்லை. ஆனால் தங்கள் மாவட்டத்தில் ஆலை இருந்தது, வண்டி இருந்தது, கடைக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இருந்தது. கல்யாண வீடு, திருவிழா எல்லாம் அவர்கள் சந்தை.

1990: பின்வாசல் வழியாக பெப்சி

1980களில் பெப்சி உள்ளே வரப் பார்த்தது. அப்போதும் ஃபெரா இருந்தது. அதனால் பெப்சி கூல்டிரிங்க் பற்றிப் பேசாமல் தக்காளி பற்றிப் பேசியது. பஞ்சாப் விவசாயிகளுக்கு உணவு பதப்படுத்தும் ஆலை, ஏற்றுமதி, தீவிரவாதம் ஓடிக்கொண்டிருந்த மாநிலத்தில் இளைஞர்களுக்கு வேலை என்றெல்லாம் வாக்குறுதிகள். பஞ்சாப் அரசின் வேளாண் தொழில் கழகமும் டாட்டாவின் வோல்டாஸும் கூட்டாளிகள். பெப்சியின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே. 1988-ல் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டுப் பேரை அப்படியே வைக்கக் கூடாது என்ற விதியால், 1990-ல் "லெஹர் பெப்சி" என்ற பேரில் வந்தது. சட்டத்தின் எழுத்துக்கு எல்லாம் சரியாத்தான் இருந்தது. தாராளமயம் வந்த பிறகு, 1994-ல் பெப்சி கூட்டாளிகளின் பங்கையும் வாங்கிவிட்டது.

1993: கோக் வாங்கியது என்ன?

1991-ல் கதவு திறந்தது. 1993 அக்டோபரில் ஆக்ராவில் கோகோ கோலா மறுபடி அறிமுகமானது. அதே சமயம் பார்லேயிடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட், மாசா, சிட்ரா ஆகிய பிராண்டுகளை வாங்கியது. அன்றைய கூல்டிரிங்க் சந்தையில் பாதிக்கு மேல் பார்லேயிடம் இருந்தது. அத்தனையும் ஒரே கையெழுத்தில் கை மாறியது.

சௌஹான் ஏன் விற்றார்? பார்லேயின் பெரும்பாலான ஆலைகள் அவருக்குச் சொந்தமில்லை. உரிமம் எடுத்து நடத்திய தனித்தனி பாட்டிலர்களுடையவை. பெரிய பணத்தோடு ரெண்டு அமெரிக்கக் கம்பெனிகள் வாசலில் நிற்கும்போது, இந்தப் பாட்டிலர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய்ந்தால் கையில் பேர் மட்டும்தான் மிஞ்சும்.

கோக் வாங்கியதும் அந்த வலையைத்தான். தம்ஸ் அப்பின் சுவை அவர்களுக்குத் தேவையே இல்லை. முதல் சில வருஷம் அதற்கு விளம்பரமே பெரிதாகக் கொடுக்கவில்லை. ஆனால் தம்ஸ் அப் ரசிகர்கள் கோக்குக்கு வரவில்லை. அதனால் மறுபடி தம்ஸ் அப்பைத் தூக்கி நிறுத்தினார்கள். 2021-ல் அது 100 கோடி டாலர் விற்பனையைத் தாண்டிய பிராண்ட். கோல்டு ஸ்பாட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஃபான்டாவுக்கு இடம் வேணும்னு அதை நிறுத்திட்டாங்க.

இங்கே ஒரு கேள்வி வரும். சந்தையின் முதல் இடத்தில் இருப்பவரை இன்னொரு கம்பெனி வாங்கும்போது அரசாங்கம் எதுவும் கேட்காதா? 1969-ல் வந்த ஏகபோகத் தடுப்புச் சட்டத்தில் பெரிய கம்பெனிகள் இணைவதற்கு முன்அனுமதி வாங்கணும் என்ற விதி இருந்தது. 1991-ல் அதை நீக்கினார்கள். புதிய போட்டிச் சட்டம் 2002-ல் வந்தது. ஆனால் கம்பெனி இணைப்புகளைப் பரிசீலிக்கும் பகுதி நடைமுறைக்கு வந்தது 2011 ஜூனில்தான். இடையில் 20 வருஷம். தாராளமயத்தின் மிகப் பெரிய கைமாற்றங்கள் நடந்த அந்த 20 வருஷமும், "இதனால் போட்டி குறையுமா?" என்று கேட்கும் நாற்காலி காலியா இருந்தது. "போட்டி வரட்டும்" என்று சொல்லிக் கதவைத் திறந்த அதே நேரத்தில்!

இன்னொரு விஷயம். 1997-ல் கோக் தானே பாட்டில் ஆலைகளை வாங்கி நடத்த அனுமதி கேட்டது. ஐந்து வருஷத்தில் 49 சதவீதப் பங்கை இந்தியர்களுக்கு விற்கணும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. கெடு நெருங்கியபோது நிபந்தனை தளர்த்தப்பட்டது. மறுபக்கம், டபுள் செவனைத் தயாரித்த அந்த அரசு நிறுவனத்தின் 74 சதவீதப் பங்கு 2000-ல் விற்கப்பட்டது. வாங்கியது யார் தெரியுமா? யூனிலீவரின் இந்தியக் கம்பெனியான இந்துஸ்தான் லீவர்.

2017: மெரினாவுக்குப் பிறகு

ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூட்டில், தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் ஒரு முடிவெடுத்தன. மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்க மாட்டோம். இந்தக் கோபத்தில் தாமிரபரணித் தண்ணீரும் இருந்தது. கங்கைகொண்டான் சிப்காட்டில் இந்தப் பானங்களைத் தயாரிக்கும் ஆலைகளுக்கு ஆற்றுத் தண்ணீர் கொடுப்பதை எதிர்த்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. மார்ச் 2-ம் தேதி, அதாவது விற்பனைத் தடை தொடங்கிய மறுநாள், மதுரைக் கிளை அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது.

அந்தக் கோடையில் பொவண்டோவைக் கேட்டு வாங்கினார்கள். வாட்ஸ்அப் முழுக்க அதுதான். ஆனால் பாட்டில் நிரப்பும் லைனை ஒரே மாதத்தில் இரட்டிப்பாக்க முடியாது. தூரத்து ஊர்களுக்கு வண்டி அனுப்பப் புதுசா ஆள் வேணும், டிஸ்ட்ரிபியூட்டர் வேணும். தடையைக் கடைப்பிடித்த பல கடைகளிலும் சில மாதங்களில் பழைய பாட்டில்கள் திரும்பி வந்துவிட்டன. இதை "நம்ம மக்களுக்கு உணர்ச்சி நிலைக்காது" என்று சொல்லிக் கடந்துபோவது சுலபம். ஆனால் கடையில் நிற்கும் அந்தக் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜைப் பாருங்க. பெரும்பாலும் அது கம்பெனி கொடுத்தது. ஃபிரிட்ஜ் இலவசம். அதில் எங்கள் சரக்குதான் இருக்கணும் என்பது எதிர்பார்ப்பு. சின்னப் பெட்டிக்கடையில் ரெண்டாவது ஃபிரிட்ஜுக்கு இடமும் இல்லை, கரண்ட் பில் கட்ட வசதியும் இல்லை. கூலாக இல்லாத கலரை மே மாதத்தில் யார் வாங்குவாங்க?

இப்போ யார் வெளிநாடு, யார் உள்நாடு?

இன்றைய நிலைமை இன்னும் குழப்பம். பெப்சியை இந்தியாவில் பெருமளவு பாட்டிலில் அடைப்பது வருண் பெவரேஜஸ் என்ற இந்தியக் கம்பெனி. 2024 டிசம்பரில் கோக் தன் பாட்டில் தொழிலின் 40 சதவீதப் பங்கை ஜூபிலண்ட் பார்தியா என்ற இந்தியக் குழுமத்துக்கு விற்பதாக அறிவித்தது. 2022-ல் கேம்பா கோலாவை ரிலையன்ஸ் வாங்கி, அடுத்த வருஷம் 10 ரூபாய் பாட்டிலோடு மறுபடி இறக்கியது. அவர்களிடம் சொந்தமாகவே ஆயிரக்கணக்கான கடைகள் இருக்கு. கேம்பா இந்திய பிராண்ட்தான். ஆனால் விருதுநகர் மாதிரி ஒரு ஊரில் சோடா கம்பெனி நடத்துபவருக்கு, எதிரில் நிற்பது அட்லாண்டாவா மும்பையா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்காது.

1977-ல் நாம "ஃபார்முலா யாருடையது, பங்கு யாருடையது?" என்று கேட்டோம். 1993-ல் எதையுமே கேட்கவில்லை. ரெண்டு தடவையும் விட்டுப்போன கேள்வி ஒண்ணுதான். பாட்டில் கடைக்குப் போகிற வழி யார் கையில் இருக்கு? புதுசா ஒருத்தர் அந்த வழியில் நுழைய முடியுமா? கூல்டிரிங்கில் அது ஆலையும் லாரியும் ஃபிரிட்ஜும். உங்க போனில் அது டெலிவரி ஆப்பில் முதலில் தெரியும் பேர். அடுத்த முறை ஒரு பெரிய கம்பெனி வருது, போகுது, இன்னொன்றை வாங்குது என்ற செய்தியைப் பார்த்தால், கொடி எந்த நாட்டுக் கொடி என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், இதையும் கேட்டுப் பாருங்க.

உங்க ஊரில் இருந்து, இப்போது இல்லாமல் போன கலர் எது? கமென்ட்டில் எழுதுங்க. ஊர்ப் பேரோடு எழுதினால் இன்னும் நல்லது. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.