டெனிசோவா 11

ரஷ்யாவின் தென் சைபீரியாவில், அல்தாய் மலைத்தொடரின் டெனிசோவா குகையில் கிடைத்த ஓர் எலும்புத்துண்டுக்கு ஆய்வாளர்கள் இட்ட பெயர் டெனிசோவா 11. ஏறத்தாழ 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் எலும்பு அது. அவளுடைய தாய் நியாண்டர்தால், தந்தை டெனிசோவன். இரு வேறு தொல்மனிதக் குழுக்களைச் சேர்ந்த பெற்றோருக்குப் பிறந்தவர் என்று மரபணு வழியே உறுதியான முதல் ஆள் இவள்தான். 'டென்னி' என்று செல்லப்பெயரும் உண்டு.

துண்டின் நீளம் இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு; எடை 2 கிராம்கூட இல்லை. கையெலும்பா காலெலும்பா என்று பார்த்துச் சொல்ல முடியாது. 2012இல் தோண்டி எடுத்தபோது விலங்கு எலும்புச் சில்லுகளோடு ஒன்றாகப் பைக்குள் போய்விட்டது. அந்தக் குகையில் கழுதைப்புலிகளும் குடியிருந்தன. அவை கடித்து நொறுக்கிய எலும்புகளுக்குக் கணக்கில்லை. டென்னியின் எலும்பிலும் அமிலம் அரித்த தடம் இருக்கிறது. ஏதோ ஓர் ஊனுண்ணியின் வயிற்றுக்குள் போய் வந்திருக்கலாம்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அப்போது மாணவியாக இருந்த சமந்தா பிரவுன், 2,300க்கு மேற்பட்ட சில்லுகளில் ஒவ்வொன்றிலிருந்தும் துளி வெட்டியெடுத்து, அதிலுள்ள கொலாஜன் புரதத்தைச் சோதித்தார். கொலாஜனின் அமைப்பு குதிரைக்கு ஒரு மாதிரி, மம்மூத்துக்கு ஒரு மாதிரி, மனிதக் குடும்பத்துக்கு ஒரு மாதிரி. இந்தச் சலித்தெடுக்கும் வேலையில் மனிதத் தடம் காட்டியது ஒரே ஒரு சில்லு. முடிவு 2016இல் வெளியானது. எலும்புச் சுவரின் தடிமனைக் கொண்டு, இறந்தபோது குறைந்தது 13 வயது என்று மதிப்பிட்டார்கள்.

தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. நியாண்டர்தாலுடையது என்பது முதலிலேயே தெரிந்துவிட்டது. தந்தை யார் என்பதுதான் பாக்கி. ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் விவியன் ஸ்லோன், ஸ்வாந்தே பேபோ குழுவினர் முழு மரபணுத்தொகையைப் படித்தபோது, ஒப்பிட்ட இடங்களில் 38.6 விழுக்காடு நியாண்டர்தால் பக்கமும் 42.3 விழுக்காடு டெனிசோவன் பக்கமும் நின்றன. மாதிரி கலந்துவிட்டதோ என்றுதான் முதலில் சந்தேகம். அது இல்லை என்றான பின், இரு குழுக்களின் கலப்பு எப்போது நடந்தது என்ற கேள்வி. அது பல தலைமுறை பழையதாக இருந்தால், ஒரே வகை மரபணு இரட்டையாக அமைந்த பகுதிகள் நிறைய இருக்க வேண்டும். இங்கோ பெரும்பாலும் ஜோடியில் ஒன்று அம்மாவுடையது, ஒன்று அப்பாவுடையது. 2018இல் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது.

செய்தித்தாள்கள் 'கலப்பின' என்று எழுதின. மலட்டுக் கோவேறு கழுதையை நினைவூட்டும் அந்தச் சொல் இங்கே பொருந்தவில்லை. காரணம், அப்பாவின் வம்சத்திலேயே பல நூறு தலைமுறைகளுக்கு முன் ஒரு நியாண்டர்தால் உறவு இருந்திருக்கிறது. அந்தச் சந்ததி அற்றுப்போகவில்லை என்பதற்கு அந்த அப்பாவே சாட்சி.

அம்மாவிடம் வேறொரு விந்தை. அதே குகையில் அவளுக்கு முன்பு வாழ்ந்த நியாண்டர்தாலைவிட, பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பின் குரோஷியாவின் விண்டியா குகையில் வாழ்ந்தவர்களுக்கே அவள் நெருங்கிய சொந்தம்.